மாதரி இருக்கும் தெரு

புது வேலை கிடைத்துக் குடும்பத்தோடு ஊர்பெயர்கிறவரிடம் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த ஏரியாவில் வீடு பார்த்திருக்கிறீர்கள்?" கேட்பவரும் பதில் சொல்பவரும் பெரும்பாலும் ஆண்கள், பகல் நேரத்தில் அந்த வீட்டில் இருக்கப்போகாதவர்கள். அதனால்தான் பதிலும் ரயில் நிலையம் எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு, நெடுஞ்சாலை பக்கமா என்ற அளவிலேயே முடிந்துவிடுகிறது. புறநகரைத் தேர்ந்தெடுப்பதில் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும், பகலெல்லாம் அங்கே இருக்கப்போகிறவருக்கே உரியவை என்பது என் கருத்து. இதை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. தப்பாக ஒரு வீடு பார்த்துக் கற்றேன்.

என் ஊர் காடாம்புலியூர். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி, வடலூர் வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில் இருக்கிறது. சாலையின் இருபுறமும் பலாவும் முந்திரியும். நான் சிறுவனாக இருந்தபோது எனக்குத் தெரிந்த 'புறநகர்' இரண்டே. ஒன்று நெய்வேலி நகரியம். மற்றொன்று சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர். 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியது. சுரங்கத்துக்காகப் பல கிராமங்கள் தம் இடத்தை விட்டன. அதன் பிறகு வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள் எழுந்தன. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இன்னொரு குடியிருப்பு வளர்ந்தது. இரண்டு இடங்களிலும் வேலைக்கு வந்தவர் பலருக்கு நிறுவனமே குடியிருப்பும் தந்தது. அடுத்த வீட்டுக்காரரும் எங்கிருந்தோ வந்தவர்தான். எல்லோரும் புதியவர்கள் என்பதால் யாரும் புதியவராக உணரவில்லை. வீடு தேடுவது என்ற கவலையே பலருக்கு இல்லாதிருந்தது.

அந்தக் காலம் கழிந்துவிட்டது. 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தைத் தமிழக அரசு சட்டம் இயற்றி ஏற்றுக்கொண்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் அலுவலர்களும் அயற்பணியாக மாநிலத்தின் பல கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். சிதம்பரத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, இனி இதுதான் ஊர் என்று இருந்தவர்கள் நாற்பது வயதுக்கு மேல் தெரியாத ஊரில் 'டூலெட்' பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தார்கள். பலர் குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு வாரக்கடைசிப் பேருந்தில் வாழக் கற்றுக்கொண்டார்கள். தனியார் கல்லூரிகளில் இருந்த என்போன்றோருக்கு அயற்பணி ஆணை வரவில்லை. ஆனால் வேறு காரணங்களால் நாங்களும் அதே பேருந்தில் ஏறினோம்.

இந்த இடத்தில் சிலப்பதிகாரத்தை நினைக்காமல் இருக்க ஒரு தமிழாசிரியனால் முடியாது. கோவலனின் மதுரைப் பயணத்தை ஊழ், கற்பு, அரசியல் என்று பலவாறு பாடம் சொல்கிறோம். தொழிலை இழந்த ஒருவன், புதிதாகப் பொருளீட்டும் நோக்கத்தோடு மனைவியை அழைத்துக்கொண்டு பெருநகருக்குக் குடிபெயர்ந்த கதை அது என்று சொல்வதே இல்லை. அவர்கள் முதலில் தங்கிய இடம் நகருக்குள் இல்லை. மதிலுக்கு வெளியே இருந்த புறஞ்சேரி. ஒரு காதைக்கே 'புறஞ்சேரி இறுத்த காதை' என்று பெயர்.

கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் நகருக்குள் போகிறான். அவன் கண்ட வீதிகளை ஊர்காண் காதை விரிக்கிறது: கணிகையர் வீதி, மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, துணிக்கடை, கூலக்கடை. திரும்பி வந்து நகரின் சிறப்பைச் சொல்கிறான். கண்ணகி தங்குவதற்கு ஒரு வீடு பார்த்துவிட்டு வந்ததாகக் காப்பியத்தில் இல்லை. புறஞ்சேரி துறவிகளுக்கு உரிய இடம், பொழுது சாய்வதற்குள் நகருக்குள் போய்விடுங்கள் என்று மாடலனும் கவுந்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது அந்த வழியே வருகிறாள் இடைக்குல முதுமகள் மாதரி. கவுந்தி யோசிப்பது வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ அன்று. அவளுடைய வயது, குணம், இரக்கம், யாருக்கும் தீங்கு செய்யாத அவள் தொழில் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, அவளிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார். ஓர் இடத்தைத் தேடாமல் ஓர் ஆளைத் தேடுகிறார் கவுந்தி. கோவலன் கடைவீதியில் பார்க்கத் தவறியது இதைத்தான்.

இருபது ஆண்டுகள் இந்தப் பகுதியைப் பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாம்பரத்துக்குச் சற்றுத் தொலைவில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தபோது, கோவலனைப்போலவே தனியாகத்தான் ஊர்காணப் போனேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். கையில் ஒரு குறிப்பேடு. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களைக் கட்டம் போட்டு எழுதினேன். வாடகை, முன்பணம், மின்ரயில் நிலையத்துக்கு நடக்கும் நேரம், பிள்ளைகளின் பள்ளி, குடிநீர். தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. அந்த 'வேறு உடன்பாடு' எவ்வளவு எளிதாகக் கையெழுத்தாகிறது என்பதையும் தெரிந்துகொண்டேன். கடைசியில் பெருங்களத்தூருக்கும் முடிச்சூருக்கும் நடுவே ஒரு தரைத்தள வீட்டை முடிவு செய்தேன். கல்லூரிக்கு இருபது நிமிடம். ஊருக்குப் போகப் பெருங்களத்தூரிலேயே பேருந்து ஏறலாம். கட்டங்களின் கூட்டுத்தொகை அந்த வீட்டுக்குத்தான் சாதகமாக இருந்தது.

குறிப்பேட்டை என் மனைவியிடம் பெருமையோடு காட்டினேன். படித்துவிட்டு அவள் கேட்டாள்: "ரயிலுக்கு எத்தனை நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. ராத்திரி புள்ளைக்கு ஜுரம் வந்தா எந்தக் கதவத் தட்டறதுன்னு எழுதலையே?" போனால் தெரிந்துவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன். குடிபோன ஒரு வாரத்தில் என் தாயார் கேட்டார்: "ஏம்ப்பா, இந்தத் தெருவுல யாரும் சாயங்காலத்துல வெளியில உக்கார மாட்டாங்களா?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பதில் டிசம்பரில் வந்தது. டிசம்பர் 2ஆம் தேதி, உறவில் ஒரு துக்கத்துக்காக நான் மட்டும் ஊருக்குப் போயிருந்தேன். 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்தது. ரயில்கள் ரத்தாயின. தொலைபேசி அடங்கிவிட்டது. காடாம்புலியூரில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தொலைக்காட்சியில் முடிச்சூர்த் தெருக்களில் படகு போவதைப் பார்த்தேன். ஒன்றரை நாள் ஒரு செய்தியும் இல்லை. அந்த ஒன்றரை நாளை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

தரைத்தளத்துக்குள் தண்ணீர் முழங்கால் அளவு ஏறிய இரவில், மாடியில் குடியிருந்த ஓர் அம்மா இறங்கி வந்து, என் தாயாரைக் கைப்பிடித்து மேலே அழைத்துப் போயிருக்கிறார். இட்லி மாவு அரைத்து விற்பவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இருந்த மாவை மூன்று நாளும் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதமாக அவரை நான் படியில் கடந்திருக்கிறேன், பெயர்கூடக் கேட்டதில்லை. என் குறிப்பேட்டில் அவருக்கு ஒரு கட்டம் இல்லை.

தண்ணீர் வடிந்தபின் இன்னொன்றும் உறைத்தது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். இங்கே ஊர்ப்பெயர்களில் தாங்கலும் ஏரியும் நிறைந்திருக்கின்றன. தாங்கல் என்றால் சிறிய நீர்நிலை என்று வகுப்பில் சொல்லித் தருகிறவன், வீட்டுமனைப் பலகையில் அதே சொல்லைப் பார்க்கும்போது படிக்கத் தெரியாதவனாகிவிடுகிறான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது, அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் "2015இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டிருந்தால் சுவரைக் காட்டியிருப்பார். நான் கேட்டது தரகரிடம் மட்டும்.

"வெள்ளம் எங்கேதான் வரவில்லை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் பண்ருட்டிப் பகுதியில் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஆகிய ஊர்களில் திடீர் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. பத்திரமான நிலம் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் தண்ணீர் ஏறும்போது யார் வீட்டு மாடிக்குப் போவது என்பதை எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை; புறநகரில் அதை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது.

வாடகைக்கும் தூரத்துக்கும் அப்பால் தேர்வு செய்யும் வசதி எல்லோருக்கும் இருக்கிறதா என்பது அடுத்த தடை. இல்லைதான். ஆனால் ஒரே வாடகைக்கு நாலு தெரு இருக்கும்போது, நாலில் எது என்று முடிவு செய்வது யார் என்பதுதான் என் கேள்வி. வேலைக்குப் போகிறவர் மனைவியாக இருந்தாலும் இதே கேள்விதான். அப்போது வீட்டில் இருக்கும் மாமியாரையோ கணவனையோ கேட்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும்.

இன்னொரு தடை கசப்பானது. வீடு தேடிய நாட்களில், சம்பளத்துக்கு முன்னால் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியை இரண்டு வீடுகளில் எதிர்கொண்டேன். 'சைவம் மட்டும்' என்ற பலகைகளையும் கண்டேன். அப்போதும் மாதரிதான் நினைவுக்கு வந்தாள். பெருவணிகன் மருமகளுக்கு இடம் கொடுத்தவள் ஆயர்பாடிப் பெண். விருந்தினர் சமண நோன்பிகள், உணவு முறை வேறு என்று தெரிந்ததும், முகம் சுளிக்காமல் புதுக்கலங்களையும், தாங்களே சமைத்துக்கொள்ள அரிசியையும் காய்கனிகளையும் ஆயர்பாடியார் கொடுத்தார்கள். அந்தக் காய்களில் பலாக்காயும் இருந்தது என்பது காடாம்புலியூர்க்காரனான எனக்குத் தனி மகிழ்ச்சி. விருந்தினரின் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டது, கலம் கொடுப்பதற்காக. இன்று அதே கேள்வி கதவைச் சாத்துவதற்காகக் கேட்கப்படுகிறது.

மாதரி இருந்தும் கோவலன் கொலையுண்டான் என்பதை மறக்கவில்லை. நகரம் செய்யும் அநீதியை ஒரு தெருவால் தடுக்க முடியாது. ஆனால் அடைக்கலப் பொருளைக் காக்க முடியவில்லையே என்று தீப்பாய்ந்த ஒருத்தி அந்த நகரில் இருந்தாள். ஒரு குடும்பம் நகரை நம்பி வரும்போது, அதற்குக் கிடைக்கக்கூடிய உண்மையான முன்பணம் அப்படிப்பட்ட ஒருவர்தான்.

அந்த மாடிவீட்டு அம்மாவை விட்டுப் பிரிய யாருக்கும் மனமில்லை. ஆனால் இன்னொரு மழைக்காலத்தைத் தரைத்தளத்தில் கழிக்கும் துணிவும் இல்லை. 2024 கோடையில் மறுபடியும் வீடு தேடினோம். இம்முறை நான் வண்டி ஓட்டியதோடு சரி. மனைவியும் தாயாரும் தெருவுக்குள் நடந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் போவோம் என்று நிபந்தனை. எத்தனை கதவு திறந்திருக்கிறது, மருந்துக்கடை நடக்கும் தூரமா, சுற்றுச்சுவரில் தண்ணீர்க் கறை எங்கே இருக்கிறது, கோலம் போடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்று பார்த்தார்கள். ஊரப்பாக்கத்தில் ஒரு சிறிய தெருவை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குக் கல்லூரி இன்னும் இருபத்தைந்து நிமிடம் தூரமாகிவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அருகில் இருப்பதால் ஊருக்குப் போவது மட்டும் எளிதாயிற்று. அதுவும் தாயாரின் கணக்கு.

சென்ற ஆண்டு வைகாசியில் ஊரிலிருந்து ஒரு பெரிய பலாப்பழத்தைச் சுமந்து வந்தேன். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அம்மா வாசலில் உட்கார்ந்து அறுத்தார். சுளைகள் எட்டு வீட்டுக்குப் போயின. முதல் கிண்ணத்தை எடுத்துத் தனியாக மூடிவைத்தார். அதைக் கொண்டுபோய்ப் பழைய தெருவின் மாடிவீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். போனேன். இப்போது எனக்கு அவர் பெயர் தெரியும்.