கண்டு மகிழ்ந்தவை: சோற்றுருண்டையும் பேய்களின் அரசனும்

பூஜை விடுமுறையில் கல்கத்தா நகரமே பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, நாம் பத்து வயதுப் பேத்தியுடன் வீட்டிலேயே அமர்ந்து மூன்று மாயப் படங்களைக் கண்டு களித்தோம். கால் வலி என்பது அயலாரிடம் சொன்ன காரணம். பேத்தி விட்டால்தானே வெளியே போவதற்கு?

மாயக் கதை என்றாலே முகஞ்சுளிக்கும் கூட்டத்தில் நாமும் நெடுங்காலம் இருந்தவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். அதனால் விளைந்தது என்ன என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலாவது ஜப்பானியப் படம். ஹயாவோ மியாசாகி 2001-இல் ஆக்கிய 'ஸ்பிரிட்டட் அவே'. சித்திரங்களை அசையவிட்டு எடுத்த இப்படம் 2003-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. சிஹிரோ என்னும் பத்து வயதுச் சிறுமி பெற்றோருடன் புதிய ஊருக்குக் குடிபெயர்கிறாள். வழி தவறி ஆளரவமற்ற கடைத்தெரு ஒன்றை அடைகின்றனர். அங்கே பரப்பியிருந்த பண்டங்களை எவரையும் கேளாமல் உண்ட தாயும் தந்தையும் பன்றிகளாகி விடுகின்றனர். சிறுமியோ தேவர்களும் ஆவிகளும் நீராட வரும் மாளிகையில் ஏவல் வேலைக்கு அமர்கிறாள். அதன் தலைவியாகிய யுபாபா என்னும் சூனியக்காரி அவள் பெயரைப் பறித்துக்கொண்டு 'சென்' என்று குறுக்கி வைக்கிறாள். சொந்தப் பெயரை மறந்தவர் வீடு திரும்ப இயலாது என்பது அவ்வுலகின் சட்டம். விண்ணப்பத்தாளில் தந்தையின் பெயரைக் குலப்பெயர் என்று நிரப்பிவிட்டு, பிறகு பள்ளியிலும் அலுவலகத்திலும் அப்பெயராலேயே அழைக்கப்படும் நம்மவர்க்கு யுபாபா முற்றிலும் புதியவள் அல்லள்!

படத்தில் பறக்கும் நாகமுண்டு, ஆறு கை படைத்த கிழவருண்டு. ஆயினும் நம் நெஞ்சில் நிற்பது அவையல்ல. ஹாகு என்னும் சிறுவன், அஞ்சி ஒடுங்கிய அப்பெண்ணுக்குச் சோற்றுருண்டை கொடுக்கிறான். இழந்த வலிமை மீள அதில் மந்திரம் இட்டிருப்பதாகச் சொல்கிறான். வேண்டாம் என்றவள் ஒரு வாய் உண்கிறாள். உண்டவுடன் கண்ணீர் பெருந்துளிகளாய் உருள்கிறது. உண்டுகொண்டே அழுகிறாள், அழுதுகொண்டே உண்கிறாள்.

"தாத்தா, பாட்டி கையில போடற தயிர்சாதம் மாதிரியே இருக்கு!" என்றாள் பேத்தி. நம் இல்லத்தரசி மறுமொழி ஏதும் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

இரண்டாவது, நாம் வாழும் வங்கத்தின் படம். சத்யஜித் ராய் 1969-இல் எடுத்த 'கூப்பி காயின் பாகா பாயின்'. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பாடகன் ஒருவனும் மேளக்காரன் ஒருவனும் காட்டில் சந்திக்கின்றனர். பேய்களின் அரசன் அவர்களுக்கு மூன்று வரங்கள் அளிக்கிறான். ஏழைகளின் வரமல்லவா! விரும்பியபோது உணவும் உடையும் என்பதையே முதலில் கேட்கின்றனர். இறுதியில் போர் மூளும் தறுவாயில், அவர்கள் பாட்டுக்குக் கட்டுண்டு வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. பட்டினி கிடந்த படைவீரர்கள் வாளையும் வேலையும் எறிந்துவிட்டு அவற்றை நோக்கி ஓடுகின்றனர். போரை நிறுத்த இதனினும் எளிய சூழ்ச்சி ஏதுமுண்டோ?

இடையே வரும் பேய்களின் கூத்தை நம்மவர் எவரும் தவற விடலாகாது. அரசப் பேய்கள், உழவுப் பேய்கள், வெள்ளைக்காரப் பேய்கள், தொந்திப் பேய்கள் என நான்கு கூட்டம். இவற்றை ஆட்டுவிக்க ராய் நாடியது தென்னாட்டுத் தாளவாத்தியக் கச்சேரியை! மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் முகர்சிங்கும் முழங்க, வங்கத்து மூங்கில் தோப்பில் பேய்கள் ஆடுகின்றன. லேக் மார்க்கெட் சபையில் கச்சேரி கேட்டுப் பழகிய நம் தலை தானே அசைந்தது. "பேய்க்குக்கூட மிருதங்கமா?" என்று பேத்தி வியந்தாள். அவள் அதன் ஒலியைச் செவிமடுத்து வியந்தது அன்றுதான்.

இக்கதையை எழுதியவர் ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர். 1913-இல் அவர் தொடங்கிய 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழில் வெளிவந்தது. நின்று போயிருந்த அவ்விதழைப் பேரர் 1961-இல் உயிர்ப்பித்தார். தம் மகன் கேட்டான் என்பதற்காகவே இப்படத்தையும் எடுத்தார். இதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது.

மூன்றாவதைச் சொன்னால் காரணம் விளங்கும். அது 1957-இல் வெளிவந்த நம் 'மாயா பஜார்'. கே. வி. ரெட்டி இயக்கியது. எஸ். வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து, கௌரவர் வீட்டுக் கலியாணத்துக்குச் சமைத்த பண்டமனைத்தையும் ஒருவராகவே உண்டு தீர்க்கிறார். லட்டுகள் தாமே பறந்து வாய்க்குள் புகும் விந்தையை மார்கஸ் பார்ட்லி படம் பிடித்திருக்கும் திறம் இன்றும் வியப்பளிக்கிறது. பேத்தி நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். வசனத்தில் பாதி அவளுக்கு விளங்கவில்லை. நாம் வங்காளியில் விளக்கிக்கொண்டிருந்தோம்.

இப்படத்தை எடுத்த நாகிரெட்டியும் சக்கரபாணியும்தாம் 1947-இல் 'அம்புலிமாமா'வையும் தொடங்கியவர்கள். நம் மகன் சிறுவனாயிருந்தபோது அவ்விதழ்கள் கட்டுக்கட்டாய் வீட்டிலிருந்தன. தோளில் வேதாளம் தொங்க, வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை அவன் மணிக்கணக்கில் பார்ப்பான். அதை வரைந்த சங்கர் 2020-இல் மறைந்தார். கணக்கில் மதிப்பெண் குறைந்த ஓர் ஆண்டில், "பேய்க்கதை படித்தால் இப்படித்தான்" என்று சினந்து, அத்தனையையும் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டோம். மகன் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு தேறிற்று. இன்று அவன் நல்ல பொறியாளன். தமிழ் பேசுவான்; படிக்க வராது. பள்ளியிலோ தமிழில்லை, வீட்டில் அவன் தானே எடுத்துப் படித்த ஒரே தமிழையும் தராசில் ஏற்றியவர் நாமே.

மாயா பஜார் முடிந்த அன்றிரவு பேத்தி, "வேதாளம் கதை சொல்லு, தாத்தா" என்றாள். சொன்னோம். இரண்டு கதைகளுக்குமேல் நினைவில் இல்லை. புத்தகத்தைக் காட்டு என்றாள்.

அவ்விதழ் இப்போது வெளிவருவதில்லை. ஆதலின் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். எவர் இல்லத்துப் பரண்மீதேனும் பழைய அம்புலிமாமா கிடக்குமாயின், சங்க நூலகத்தில் நம் பெயருக்குக் கொடுத்துவைக்க வேண்டுகிறோம். அட்டை கிழிந்திருந்தாலும் குற்றமில்லை. படித்தபின் பத்திரமாகத் திருப்பித் தருவோம். எடைக்குப் போட மாட்டோம்.