ஓரை

அண்மையில் விருது பெற்ற ஆய்வுநூல் ஒன்றுக்குச் சக சிற்றிதழ் ஒரு சிறப்புப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது. ‘ஓரை’ இங்கிருந்து கிரேக்கம் போன சொல் என்பது நூலின் முடிபு. ஒலி ஒப்புமையைத் தவிர வேறு சான்று இல்லை. தேர்வுக் குழுவில் ஒருவருக்குமா இது உறுத்தவில்லை?

குறுந்தொகையில் ஓரை உண்டு. அது நெய்தல் நிலத்துப் பெண்களின் விளையாட்டு. ஓரையாடும் மகளிருக்கு அஞ்சி ஈர நண்டு கடலுக்குள் ஓடுகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த நண்டு அலுப்பதில்லை. ஆனால் நேரத்தைக் குறிக்கும் ஓரை வேறு. கிரேக்கத்தில் ‘ஹோரா’ முதலில் பருவம், பிறகு நாளின் ஒரு கூறு. அங்கிருந்து வடமொழிச் சோதிடம் வழியாக நம்மிடம் வந்தது. இதே சொல்லை ‘அகோராத்திர’த்தின் தலையையும் வாலையும் வெட்டி வடமொழிக்கு உரியதாக்கிய விளக்கத்தை 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரே பதிவு செய்திருக்கிறார். அன்று அங்கே நடந்தது இன்று இங்கே நடக்கிறது.

பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். ஞாயிறு விடியலில் சூரிய ஓரை. அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். பிறகு மீண்டும் சூரியன். 24 ஓரை முடிந்து 25ஆவது சந்திரனுடையது: திங்கள் பிறந்துவிட்டது. கிழமைகளின் வரிசையே இந்தக் கணக்கில் விளைந்ததுதான். இவ்வளவு பெரிய ஏற்பாட்டை விட்டுவிட்டு ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து ஊர் கேட்பது ஆய்வாகுமா?

தொல்காப்பியக் களவியலில் நாளோடு சேர்ந்து வரும் ஓரையை வைத்து வையாபுரிப் பிள்ளை அந்நூலின் காலத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்தார். ஒரு சொல்லில் ஓர் இலக்கணத்தையே தொங்கவிட முடியாது. அவருடைய காலக் கணிப்பை நாங்கள் ஏற்கவில்லை. ஆனாலும் அவரைத் துரோகி என்றவர்கள்தாம் அவர் பதிப்பித்த பேரகராதியை அன்றாடம் புரட்டினார்கள். 1936இல் முடிந்த அந்த உழைப்புக்குப் பின் சொற்களின் வரலாற்றைக் கல்வெட்டு, ஓலை, அச்சு என்று ஆண்டுவாரியாகத் தொடரும் முழுமையான அகராதி நம்மிடம் இல்லை. பரிசுப் பணம் இருக்கிறது, மேடை இருக்கிறது, அதற்கு மட்டும் ஆளில்லை.

வடசொல்லை எப்படி எடுத்தாள்வது என்று எச்சவியலில் விதி செய்த தொல்காப்பியருக்குக் கடன் வாங்குவது இழிவாகப் படவில்லை. ‘சபா’ சபையானதுபோல ‘ஹோரா’ ஓரையானது. அவருக்கு இல்லாத கூச்சம் அவர் பெயரால் பேசுவோருக்கு ஏன்?

தேர்வுக் குழுவினர் தங்கள் மதிப்பீட்டை எழுத்தில் தரட்டும். அடுத்த இதழில் ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிடுகிறோம்.