அன்று பாலாமணிக்கு ஸ்பெஷல் ரயில்... இன்று கடைசி பஸ்சுக்கு ஓட்டம்! சின்ன மேடையில் பெண்கள் நாடகம்: ஒரு அலசல்

சென்னை,

"நாடகமா? இந்தக் காலத்துல அதை யாருங்க பார்க்கறாங்க?" டீக்கடையில் பேச்சு எடுத்தால் இப்படித்தான் கேட்பார்கள். டி.வி.யில் சீரியல் ஓடுது, கையில் செல்போன் இருக்கு. அப்புறம் எதுக்கு நாடகம்?

ஆனால் சத்தமில்லாமல் ஒரு விஷயம் நடந்து கொண்டிருக்கிறது. நூறு பேர் உட்கார்ந்தாலே நிறைந்து விடும் சின்ன அரங்குகளிலும், கல்லூரி ஹால்களிலும், மொட்டை மாடிகளிலும் பெண்கள் நாடகம் போடுகிறார்கள். எழுதுவது பெண், இயக்குவது பெண், மேடையில் நடுவில் நிற்பதும் பெண்.

கதையும் மாமியார் - மருமகள் சண்டை கிடையாது. பிறந்த உடனே கொல்லப்பட்ட பெண் சிசு, வீட்டில் இடமில்லாமல் போன திருநங்கை, புருஷன் சொன்னான் என்பதற்காக வாயை மூடிக்கொண்ட பொண்டாட்டி... இவர்கள்தான் கதாநாயகிகள்.

நல்ல விஷயம்தானே, இதில் அலசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. யாருடைய கதையை மேடையில் சொல்கிறார்களோ, அந்தப் பெண்களில் பெரும்பாலோர் அந்த நாடகத்தைப் பார்க்க வருவதில்லை. வர முடிவதில்லை. சிக்கல் அங்கேதான்.

ரயில் விட்ட காலம்

இது நூறு வருடத்துக்கும் முந்தைய கதை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்று ஒரு நடிகை இருந்தார். வெறும் நடிகை இல்லை, முதலாளி. சொந்தமாக நாடகக் கம்பெனி நடத்தினார். அந்தக் கம்பெனியில் எல்லோரும் பெண்கள். ராஜா வேஷமும் பெண்தான், மந்திரி வேஷமும் பெண்தான்.

அவர் நாடகத்துக்கு வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. வெளியூர் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு வந்து, நாடகம் முடிந்ததும் திரும்ப ஏற்றிப் போக தனி ரயிலே விட்டார்கள். 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே அதற்குப் பெயர்.

அவ்வளவு புகழ் இருந்தும் என்ன ஆச்சு? கடைசிக் காலத்தை அவர் வறுமையில்தான் கழித்தார் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கூட்டம் வந்தது, காசு வந்தது. ஆனால் ஒரு பெண் நடத்திய கம்பெனியை அவருக்குப் பிறகும் காப்பாற்ற ஆள் இல்லை.

ஆம்பளை போட்ட அவ்வை வேஷம்

அந்தக் காலத்தில் பையன்களை வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனிகளும் பெருகின. சங்கரதாஸ் சுவாமிகளே 1918-ல் மதுரையில் அப்படி ஒரு பால சபா தொடங்கினார். அங்கே சீதையும் ஆண்தான், வள்ளியும் ஆண்தான்.

டி.கே.சண்முகம் அவ்வையார் வேஷம் கட்டி எவ்வளவு பேர் வாங்கினார் தெரியுமா? கடைசி வரை 'அவ்வை' சண்முகம் என்பதே அவர் பெயரானது. அவர் மாபெரும் கலைஞர், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பெண் புலவரின் வேஷம்கூட ஒரு ஆணுக்குத்தான் போனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெண்கள் மேடையேறிய இடமும் இருந்தது. அதுதான் ஸ்பெஷல் நாடகம். கே.பி.சுந்தராம்பாள் அங்கே ராணியாக இருந்தவர். மதுரை, புதுக்கோட்டை பக்கம் கோவில் திருவிழா என்றால் 'வள்ளி திருமணம்' இன்றும் விடிய விடிய நடக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஆளுக்கு ஆள் தனித்தனி புக்கிங். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு.

ராத்திரி முழுக்க அந்தப் பெண்ணுக்குக் கைதட்டல். விடிந்தால் 'நாடகக்காரி' என்ற ஏளனம். பார்ப்பதற்கு வேண்டும், பக்கத்து வீட்டில் வேண்டாம். இந்தப் பேச்சுக்குப் பயந்து எத்தனை பெண்கள் மேடையை விட்டுப் போனார்களோ!

போலீசில் கொடுத்த கதை வசனம்

பெண்ணோ ஆணோ, கேள்வி கேட்கும் நாடகம் போட நினைத்த எல்லோருக்கும் இன்னொரு தலைவலி இருந்தது. 1954-ல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம். எம்.ஆர்.ராதா நாடகங்களுக்குக் கடிவாளம் போடத்தான் இது வந்தது என்று பேசிக்கொள்வார்கள். நாடகம் போடுவதற்கு முன்னால் கதை வசனத்தை போலீசில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பெண் படும் பாட்டைப் பற்றி ஒரு பெண் எழுதியதை ஸ்டேஷனில் படித்துப் பார்த்து "போடலாம், போடக்கூடாது" என்று சொல்வார்கள்!

'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனார். 2013-ல் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி கே.சந்துரு அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். சுதந்திரம் கிடைத்து 60 வருடம் தாண்டியும் இந்தப் பூட்டு தொங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

ஊர் ஊராகப் போன 'பச்ச மண்ணு'

1990களை நினைவிருக்கிறதா? உசிலம்பட்டி, சேலம், தர்மபுரி என்றாலே பெண் சிசுக்கொலை செய்திதான். 1992-ல் அரசு தொட்டில் குழந்தை திட்டம் கொண்டு வந்ததும் அதனால்தான்.

அந்த நேரத்தில் 'மௌனக்குரல்' என்ற பெண்கள் நாடக முயற்சி, 'பச்ச மண்ணு' என்ற நாடகத்தைக் கையில் எடுத்தது. இயக்கியவர் அ.மங்கை. கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக் கொண்டே நாடகம் போட்டவர். வயசுக்கு வருவது, கல்யாணம், வளைகாப்பு என்று ஒரு பெண்ணுக்குச் செய்யும் சடங்குகளை வைத்தே அந்த நாடகம் போகும். ஒரு பொண்ணு பிறந்தாலே அப்பனும் ஆத்தாளும் செலவுக் கணக்கு போட ஆரம்பிப்பது ஏன் என்று அது நேருக்கு நேர் கேட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த நாடகம் நகரத்து ஏ.சி. ஹாலில் மட்டும் நின்றுவிடவில்லை. கிராமங்களுக்குப் போனது. யாரைப் பற்றிய கதையோ, அவர்கள் முன்னால் தரையில் நடந்தது. முடிந்த பிறகு ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசினார்கள்.

அதே மங்கை, கவிஞர் இன்குலாப் எழுதிய 'அவ்வை' நாடகத்தையும் மேடையேற்றினார். அதில் வந்த அவ்வை, கையில் கோலோடு நிற்கும் பாட்டி கிடையாது. சங்க காலத்தில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு திரிந்த இளம்பெண். அதியமானோடு சரிசமமாக உட்கார்ந்தவள், அவனுக்காகத் தூது போனவள். ஆண்கள் கட்டிய வேஷத்தில் பாட்டியாகிப் போனவளை, ஒரு பெண் இயக்குநர் திரும்ப இளம்பெண்ணாக்கிக் கூட்டி வந்தார்!

புதுசு புதுசா...

நாமக்கல் மாவட்டத்தில் பிறந்த திருநங்கை எழுத்தாளர் ஏ.ரேவதி, தன் வாழ்க்கையை 'வெள்ளை மொழி' என்று புத்தகமாக எழுதினார். அதையே தனி ஆளாக மேடையில் நடித்தும் காட்டினார். வீட்டில் வாங்கிய அடியிலிருந்து ஊரை விட்டு ஓடியது வரை, பட்டவரே வந்து நின்று சொல்லும்போது ஹாலில் மூச்சு சத்தம்கூட கேட்காது.

'நான், வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யாவும் நண்பர்களும் 2014-ல் 'பன்மை' என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, திருநங்கை, திருநம்பி வாழ்க்கையை அவர்களே நடித்தார்கள்.

ஆரோவில் பக்கத்தில் 'ஆதிசக்தி' அரங்கம் இருக்கிறது. வீணாபாணி சாவ்லா என்ற பெண்மணி உருவாக்கிய இடம். அவர் 2014-ல் மறைந்தார். அங்கேயே வளர்ந்த நிம்மி ராஃபேல் 'ஊர்மிளா' என்ற நாடகத்தை இயக்கியிருக்கிறார். ராமாயணத்தில் லட்சுமணன் 14 வருடம் தூங்காமல் அண்ணனுக்குக் காவல் இருந்தான், அதற்காக அவன் பொண்டாட்டி ஊர்மிளா அவன் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள் என்று ஒரு கதை உண்டு. "நீ தூங்கு" என்று சொல்வதற்கு முன்னால், அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அதுதான் நாடகம்.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் பெ.ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தையும் சொல்லியே ஆக வேண்டும். ஆண்கள் மட்டுமே காலங்காலமாக ஆடிய கூத்தை, 2002-ல் இருந்து 2020 வரை அங்கே பெண் பிள்ளைகளும் படித்தார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு பொண்ணுங்க துரியோதனனாக வந்து நின்றார்கள்.

ஏன் சின்ன மேடை?

சபா நாடகத்திலும் பெண்கள் சாதித்திருக்கிறார்கள். பாம்பே ஞானத்தின் மகாலட்சுமி லேடீஸ் டிராமா குரூப்பில் ஆண் வேஷத்தையும் பெண்களே போடுவார்கள். ஆனால் பொதுவாக சபா என்றால் குடும்பத்தோடு வந்து சிரித்துவிட்டுப் போகும் நாடகத்துக்குத்தான் கிராக்கி. "ஏம்மா, இவ்வளவு அழுகையா? கொஞ்சம் காமெடி சேர்க்கக்கூடாதா?" என்ற கேள்வி வந்துவிடும்.

சின்ன மேடையில் அந்தத் தொல்லை இல்லை. நாலு லைட், பத்துக்குப் பத்து இடம் போதும். மைக்கே வேண்டாம். நடிகையின் கண்ணில் தண்ணீர் வருவது கடைசி வரிசைக்கும் தெரியும். செலவு கம்மி என்பதால் யாருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

ஆனால் அதே காரணத்தால் வரவும் கம்மி. டிக்கெட் காசு வாடகைக்கும் வேன் கூலிக்குமே பத்தாது. நடிக்கிறவர்களுக்குப் பகலில் வேலை, சாயங்காலம்தான் ஒத்திகை. வீட்டுக்குப் போனால் சமையல், பிள்ளைக்குப் பாடம். இரண்டு மூன்று ஷோவோடு நாடகம் நின்று போகும். உழைப்பு அத்தனையும் போட்டோவாக மிஞ்சும்.

கடைசி பஸ் போயிடுச்சு

இப்போது பார்க்க வருகிறவர்கள் பக்கம் வருவோம்.

ஷோ சாதாரணமாக 7 மணிக்கு. ஹால் நுங்கம்பாக்கத்தில் இருக்கும், பெசன்ட் நகரில் இருக்கும். வியாசர்பாடியில் தையல் மிஷின் ஓட்டும் பெண், கண்ணகி நகரில் இருந்து வீட்டு வேலைக்குப் போகும் அக்கா, இவர்கள் வேலை முடிந்து அங்கே எப்படிப் போவார்கள்? போனாலும் நாடகம் முடியும்போது 9 மணி. 2021-ல் சாதாரண பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது பெரிய விஷயம்தான். ஆனால் ராத்திரி 10 மணிக்கு அந்த பஸ் வரணுமே! வந்தாலும், இறங்கி வீட்டுக்குப் போகும் தெருவில் லைட் எரியணுமே!

விளைவு என்ன? குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கும் பெண்ணின் கதையை, அந்த அடி என்னவென்று தெரியாதவர்கள் பார்த்துக் கைதட்டிவிட்டு காரில் போகிறார்கள். வருகிற நூறு பேரில் பாதி பேர் ஏற்கனவே தெரிந்த முகங்கள். நாடகம் போடுகிறவர்கள் மேல் தப்பு சொல்வதற்கில்லை. கிடைக்கிற ஹாலில்தானே போட முடியும்?

என்ன செய்யலாம்?

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. சென்னையில் வார்டுகளில் மாநகராட்சி சமூக நலக்கூடங்கள் இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாட்களில் பல கூடங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் நாடகத்துக்குக் குறைந்த வாடகைக்கு விட்டால் என்ன குறைந்துவிடும்?

ஷோவை ஞாயிற்றுக்கிழமை மதியம் 3 மணிக்கு வைக்கலாம். சுய உதவிக் குழுக்கள் மூலம் தகவல் சொல்லலாம். கைக்குழந்தையோடு வந்தால் முகம் சுளிக்காமல் உட்கார இடம் கொடுக்கலாம். 'பச்ச மண்ணு' குழு அன்றைக்கே செய்து காட்டிய வழிதான் இது. ஜனங்கள் ஹாலுக்கு வர முடியாவிட்டால், நாடகம் ஜனங்களிடம் போகும்.

"நாடகம் பார்த்தா வாங்குற அடி நின்னுடுமா?" என்று ஒரு அக்கா கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். உடனே நிற்காது. ஆனால் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு இருந்தவர், பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் கண்ணைத் துடைப்பதைப் பார்ப்பார். அங்கேதான் பேச்சு தொடங்கும்.

பாலாமணி நாடகத்தைப் பார்க்க அன்று ரயில் விட்டார்கள். இன்று நம்ம பெண்கள் போடும் நாடகத்துக்கு ரயில் எல்லாம் வேண்டாம். பூட்டிக் கிடக்கும் கூடத்தின் சாவியும், ராத்திரியில் ஒரு பஸ்சும் போதும்.

கொடுக்க வேண்டியவர்கள் காதில் இது விழுமா?