பளபளப்பா? பலமா?



அப்ரண்டிஸ் பயிற்சியில் சேர்ந்து முதல் மாத உதவித்தொகை கைக்கு வந்ததும் அம்மாவுக்கு ஒரு புடவை, அடுத்து வீட்டுக்கு ஒரு டூல்ஸ் பெட்டி. நம்மில் பலருடைய கணக்கு இதுதான். தப்பில்லை. வீட்டு வாசலில் ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது. "டிப்ளமா படிக்கிற பிள்ளை வீட்ல இருக்கு, இதுக்குப் போய் மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்களா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். மானப் பிரச்சினை! நேரே கடைக்குப் போகிறோம்.

"தம்பி, இதைப் பாருங்க. நூத்தியெட்டு பீஸ். சைக்கிள்லேர்ந்து லாரி வரைக்கும் எல்லாம் இதுக்குள்ள அடக்கம்."

பெட்டியைத் திறந்தால் வெள்ளிக் கடை மாதிரி மின்னுகிறது. விலையோ ஒரு நல்ல ரிங் ஸ்பேனர் செட்டின் விலைதான். வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

ஹார்டனிங் என்றால் என்ன, டெம்பரிங் என்றால் என்ன, ஏன் ஒன்றை அடுத்து ஒன்று செய்கிறோம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம். கடை வாசலை மிதித்ததும் அந்தப் பாடமெல்லாம் எங்கே போகிறது? நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தது. 1960களில் திருவெறும்பூர் பக்கம் பெல் வந்தது. அதை நம்பி துவாக்குடி வரை சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. தீப்பொறியைப் பார்த்தே இன்ன இரும்பு என்று சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிற ஊர் நம்ம திருச்சி. இங்கே படித்துவிட்டு முலாமைப் பார்த்து ஏமாந்தால் நன்றாகவா இருக்கிறது?

நல்ல ஸ்பேனர் என்பது குரோம் வனேடியம் ஸ்டீலைச் சூடாக்கி, அச்சில் வைத்து அடித்து உருவாக்கியது. பிறகு ஹார்டனிங், அதனால் வந்த நொறுங்கும் குணத்தைக் குறைக்க டெம்பரிங். கடைசியில்தான் முலாம். அந்த முலாம் துருப்பிடிக்காமல் இருக்கத்தானே ஒழிய, பலத்துக்கு அல்ல. மட்டமான ஸ்பேனரில் இந்த நடுப்பகுதிதான் காணாமல் போயிருக்கும். மேலே மினுமினுப்பு, உள்ளே சாதா இரும்பு. நாலு முறை பலமாக இழுத்தால் வாய் விரிந்துவிடும். ஸ்பேனர் கெட்டால் அந்தக் காசோடு போகும். ஆனால் விரிந்த வாய் நட்டின் ஆறு முனையையும் மழுக்கிவிட்டால்? உளி, சுத்தி, கடைசியில் வெல்டிங் பட்டறை. போதாக்குறைக்கு வழுக்கிய வேகத்தில் விரல் முட்டி போய் ரேடியேட்டரில் இடிக்கும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? அளவும் தயாரித்தவர் பெயரும் ஸ்டீல் வகையும் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். ஓப்பன் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029 என்று இந்தியத் தர நிர்ணயம் உண்டு. அட்டைப் பெட்டியில் அதைத் தேடுங்கள். வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டும் என்பதில்லை. நாசிக்கில் தயாராகும் டபாரியா, ஜலந்தர், லூதியானா ஊர்களில் செய்யும் நல்ல கம்பெனிச் சாமான்கள், இவையெல்லாம் நம் ஆயுளுக்கும் வரும். பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போட்ட போலிகளும் பக்கத்திலேயே தொங்கும், ஜாக்கிரதை!

அளவு விஷயம் இன்னும் முக்கியம். 2014 வரை தயாரான அம்பாசிடர் இங்கிலாந்து மோரிஸ் காரின் வாரிசு. அதில் அங்குல நட்டுகள். மாருதியோ சுசுகி வழி வந்தது, எல்லாம் மில்லிமீட்டர். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் ஏறத்தான் ஏறும். "சரியா இருக்குடா" என்று தோன்றும். இறுகிய நட்டில் அந்த 0.3 மி.மீ. இடைவெளி போதும், முனை போய்விடும். ஜப்பான் வழி வந்த கார்களில் 10, 12, 14, 17 அளவுகள்தான் அதிகம் கைக்கு வரும். ஐரோப்பிய வழி வந்தவற்றில் 13ம் 19ம் கூடுதலாக வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் 6x7 முதல் 20x22 வரையான எட்டு ரிங் ஸ்பேனர் செட் இவ்வளவையும் பார்த்துக்கொள்ளும். நூத்தியெட்டு எதற்கு? ஒரு ப்ளக் ஸ்பேனர், பிடிக்குள் தண்டு முழுக்க ஓடுகிற இரண்டு திருப்புளி, அரைக்கிலோ சுத்தி, கட்டிங் பிளேயர். சாக்கெட் வாங்கினால் உள்ளே ஆறு முனை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் சுலபமாக மாட்டும், ஆனால் துருவேறிய நட்டில் அவ்வளவு சுலபமாக வழுக்கவும் செய்யும்.

கையில் காசு குறைவா? புதிய மட்டத்தைவிடப் பழைய தரம் மேல். பழைய இரும்புக் கடைக் குவியலில் நல்ல ஸ்பேனர் கிடைக்கும். வாய் விரிந்திருக்கிறதா, கிரைண்டரில் தேய்த்து அளவு மாற்றியிருக்கிறார்களா, வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது தொழிற்சாலை முத்திரை இருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். அது எப்படி வெளியே வந்ததோ!

அப்புறம் பைப் விஷயம். ஸ்பேனரின் நீளம் சும்மா வைத்ததல்ல. பெரிய நட்டுக்கு நீளம், சின்ன நட்டுக்குக் குட்டை. நம் கைபலத்துக்கு போல்ட்டு அறாமல் இருக்கும் கணக்கு அது. 30 செ.மீ. ஸ்பேனரில் 20 கிலோ விசையில் இழுத்தால் 6 கிலோ-மீட்டர் முறுக்கு. அதில் பைப் மாட்டி 90 செ.மீ. ஆக்கினால் அதே கைக்கு 18! வழுக்கினால் நாம் எங்கே போய் விழுவோம் என்பது தனிக் கணக்கு.

இதெல்லாம் காசு விஷயம், விரல் விஷயம். உயிர் விஷயம் ஒன்று பாக்கி.

வீட்டில் கார் வேலை செய்கிறவர்கள் கடைசியில் வாங்குவது, பெரும்பாலும் வாங்காமலே விடுவது, ஸ்டாண்டு. டிக்கியில் கிடக்கும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கடியில் தலையை நுழைக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கி என்றாலும் உள்ளே ஆயிலை நிறுத்திவைப்பது சின்னதாய் ஒரு சீல். அது போனால் வண்டி இறங்கும். மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோ, அம்பாசிடர் ஆயிரத்துக்கும் மேலே. நம் நெஞ்சுக்கூடு எவ்வளவு தாங்கும்? "ஹாலோ பிளாக் வச்சிருக்கேன்டா" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சுவருக்குள் பரவலான பாரத்தைத் தாங்குகிற கல் அது. ஒரே இடத்தில் பாரம் உட்கார்ந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் தூளாகும். இரும்பு வளையுமுன் கொஞ்சமாவது காட்டிக்கொடுக்கும். கல் அதுகூடச் செய்யாது.

ஸ்ரீரங்கத்து நண்பர்களுக்கு இன்னொன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு. வண்டல், மணல் பூமி. சிமெண்ட் போடாத தரையில் ஸ்டாண்டு வைத்தால் கால் மெல்ல உள்ளே இறங்கும். அடியில் கனமான பலகையோ இரும்புத் தகடோ போடுங்கள். வீதியில் நிறுத்தினால் சாக்கடைப் பக்கம் சரிவு இருக்கும், அதையும் பாருங்கள். தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும். இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, சித்திரைத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறோமே! திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. அதற்குப் பிறகும் அங்கே முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போகவில்லை. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பும் நம் ஆட்கள் யோசிக்கட்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சென்சார், ஸ்கேனர் என்று பல வேலைகள் நம் பெட்டியைத் தாண்டிவிட்டன. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் சக்கரமும் பிரேக்கும் எல்லா வண்டிக்கும் உண்டு.

எனவே என் வரிசை: முதல் மாதம், ஒவ்வொன்றும் இரண்டு டன்னாவது தாங்கும் ஸ்டாண்டு ஒரு ஜோடி. இரண்டாவது மாதம் ரிங் ஸ்பேனர். மற்றதெல்லாம் வேலை வரும்போது ஒவ்வொன்றாக. டார்க் ரென்ச் விலை அதிகம், வருஷத்தில் பத்து நாள்கூடத் தேவைப்படாது. ஒரே ஏரியாவில் இருக்கிற நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். பொறுப்பானவன் வீட்டில் அது இருக்கட்டும். வேலை முடிந்ததும் அளவை அடிமட்டத்துக்குத் தளர்த்தி வைக்க வேண்டும், இறுகிய நட்டைக் கழற்ற அதை எடுக்கவே கூடாது. வாங்குகிற அன்றே நாலு பேரும் இதைப் பேசிவிடுங்கள்.