வெப்பம் தாங்கும் பசை: வாய்வார்த்தை உத்தரவாதம் வேண்டாம்

“உலையில கல்லு விட்டுப்போச்சு, சூடு தாங்குற பசை ஏதாவது குடுங்க அண்ணாச்சி” என்று கேட்டு வருபவர் புளியந்தோப்பு ஹார்டுவேர் கடைகளுக்குப் புதியவர் அல்ல. திருவொற்றியூர், எண்ணூர் வரை பட்டறை உள்ள வட்டாரம் இது. பேக்கரி அடுப்புக்காரரும் வருவார், பீங்கான் தட்டில் ஹீட்டர் காயில் பதிப்பவரும் வருவார். கைக்கு எட்டிய டப்பாவை எடுத்துக் கொடுத்து, “எவ்வளவு சூடானாலும் தாங்கும், நான் கேரண்டி” என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. இந்தச் சொல்லைக் கைவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் எபாக்சி நல்ல சரக்குதான். உடைந்த பீங்கான் ஜாடிக்குப் போதும். ஆனால் சாதாரண எபாக்சி 100 டிகிரி செல்சியஸை நெருங்குமுன்பே இளகத் தொடங்கும்; சில நூறு டிகிரியில் கருகிப் புகையும். உலைக்குள் அதற்கு வேலை இல்லை. வீடு கட்டும் சிமெண்டும் அப்படியே. 400, 500 டிகிரிக்கு மேல் அதிலுள்ள சுண்ணாம்பு நீரை இழக்கும். ஆறியபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதி உதிரும்.

நெருப்பில் நிற்பவை கனிமப் பசைகளே. சோடியம் சிலிகேட், அதாவது வாட்டர் கிளாஸ், கலந்த ஃபயர் சிமெண்ட், ஃபயர்கிளே மார்ட்டர், உயர் அலுமினா சிமெண்ட், பாஸ்பேட் கட்டுமானம் கொண்டவை எனப் பல உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. சோடியம் சிலிகேட் மட்டும் என்றால் ஏறக்குறைய 1,090 டிகிரியில் உருகிவிடும். அலுமினாவோ 2,000 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். ஃபயர்கிளே கல்லுக்கு ஐ.எஸ். 195 தர மார்ட்டர் சரி. சேலத்து மேக்னசைட்டிலிருந்து வரும் கல்லுக்கு அதையே பூசினால் கடும் சூட்டில் இரண்டும் வினைபுரிந்து இணைப்பு இளகும். அதற்கு மேக்னீசியா மார்ட்டர்தான் தர வேண்டும்.

எனவே விலை சொல்லுமுன் கேட்க வேண்டியது, எத்தனை டிகிரி, என்ன கல், பசை நெருப்புப் பக்கமா முதுகுப் பக்கமா என்பது. கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. 1981இல் பறந்த கொலம்பியா விண்கலத்தின் ஓடுகள் வெளிப்புறத்தில் 1,200 டிகிரிக்கும் மேல் தாங்கின. அவற்றை ஒட்டியதோ சிலிகோன் பசை! ஓடு சூட்டை உள்ளே விடாததால் முதுகில் இருந்த பசை பிழைத்தது. நம் அடுப்பில் பசை நிற்பது பெரும்பாலும் நெருப்பின் முகத்தில்.

சரியான சரக்கைக் கொடுத்தும் புகார் வருவது, காயவிடாததால். நீர் கலந்த பசையை மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் நிழலில் விட்டு, 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே சில மணி நேரம் வைத்து, அதன்பின் படிப்படியாக ஏற்ற வேண்டும். பூசிய கையோடு பர்னரைத் திறந்தால் உள்ளே நீராவி கட்டி, இணைப்பு கொப்பளித்துப் பெயரும். கடல் காற்று அடிக்கும் நம் பகுதியில், மழை மாதங்களில் இன்னும் நிதானம் தேவை. பழி என்னவோ கடைக்காரருக்குத்தான்.

பழி மட்டுமல்ல, வழக்கும் வரும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 86ஆம் பிரிவில் விற்பனையாளரின் பொறுப்பைத் தனியே சொல்கிறது. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாம் நம் வாயால் தந்து, சரக்கு அதன்படி நடவாமல் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு நம்முடையது. தயாரிப்பாளரின் எச்சரிக்கையையும் செய்முறையையும் வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டாலும் அப்படியே.

டிரம்மில் வாங்கிப் பழைய பாட்டிலில் பிரித்து விற்கும் அன்பர்கள் இதை இருமுறை படிக்கவும். பாட்டிலில் பெயரில்லை, தேதியில்லை, எத்தனை டிகிரி என்பதும் இல்லை. சிலிகேட் காரமானது, கண்ணில் பட்டால் ஆபத்து, அலுமினியத்தை அரிக்கும். மூடி தளர்ந்தால் காற்றுப் பட்டே இறுகிவிடும். இறுகியதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி விற்பது வியாபாரம் ஆகாது. அடுத்த கொள்முதலில் அரைக் கிலோ, ஒரு கிலோ சீலிட்ட டப்பாக்களாகவே கேளுங்கள். தயாரிப்பாளரின் செய்முறைத் தாளைத் தமிழில் அச்சிட்டுத் தரும்படி ஏஜெண்டிடம் வற்புறுத்துங்கள். தராதவரிடம் ஆர்டர் போடுவதை நிறுத்தி வையுங்கள்.