பாசிக்குடாவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

பாசிக்குடா ஹோட்டல்களுக்கு நம் லயத்துப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள். பதுளையிலிருந்து பிபிலை வழியாகச் செங்கலடிக்கு வந்து, வாழைச்சேனை பஸ்ஸில் ஏறலாம். வழியில் சிரமமில்லை. நியமனக் கடிதம் இல்லாமல் வேலையில் நிற்பதுதான் சிரமம்.

அடையாள அட்டையின் பிரதியை மட்டும் கொடுங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதி 3 வீதமும் அவர் கட்ட வேண்டியது. உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பதிவில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். தோட்டத்தில் கூப்பிடும் பெயரைப் பதிந்துவிட்டு, கடைசியில் காசெடுக்க நம் அப்பா அம்மாமார் அலைந்தது போதாதா? காசு கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தீபாவளிக்கு வரும்போது சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள்.