"தெரியல மேடம்"



மகளிர் கல்லூரி விடுதி ஒன்றின் காப்பாளர் நான். சென்ற பருவத்தில் ஒரு மாணவி ஓயாமல் வயிற்றுவலி என்றாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. தட்டில் சோறு ஆறிக் கிடக்க, "மனசுக்கு என்னம்மா?" என்றேன். "தெரியல மேடம்." பொய்யில்லை; உண்மையாகவே அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மனச்சோர்வு என்று பிறகு மருத்துவர்தான் கண்டறிந்தார்.

உணர்வுக்குப் பெயர் சொல்லத் தெரியாத இந்த நிலையை மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970களில் 'அலெக்ஸிதைமியா' என்றார். இதில் வளர்ப்புக்கும் பங்கு இருக்கலாம். குழந்தைப் பருவத்தில் அழுதபோது கிடைத்த அரவணைப்பே பிற்கால உறவுகளில் நம்பிக்கைக்கு அடித்தளம் என்றார் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. "அழாதே" என்றே வளர்த்த பிள்ளை விடுதிக்கு வந்ததும் மனம்விட்டுப் பேசிவிடுமா?

பெற்றோரே, போனில் மதிப்பெண்ணுக்கு முன் தூக்கத்தையும் பசியையும் விசாரியுங்கள். விடுதிகள்தோறும் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416-ஐ எழுதி ஒட்டுங்கள். இரவிலும் பேசலாம், கட்டணமில்லை.

- விடுதிக் காப்பாளர், திருச்சி